கோலகங்சார்க் கன்றும் நீலகிரி மீனும்

பேராக் மாநிலத்தின் அரச நகரான கோலகங்சாரில் 1877 ஆம் ஆண்டில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் 1876 இல் ஹென்றி விக்காம் திரட்டிய விதைகள், இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில் முளைவிட்டுக் கன்றுகளாகிக் கடல் கடந்து வந்தன. அவற்றுட் சில சிங்கப்பூரில் தங்கின; சில பேராக் வந்து சேர்ந்தன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக அப்போது பதவி ஏற்றிருந்த ஹியூ லோ, அவற்றைத் தம் மாளிகை வளவில் நட்டுப் பேணினார். அன்று தொடங்கிய முயற்சி ஒரு தலைமுறைக்குள் பெருந்தோட்டங்களாகப் பரந்து விரிந்ததும், அத்தோட்டங்களை நோக்கித் தமிழர் பல்லாயிரவர் கப்பலேறியதும் யாவரும் அறிந்த வரலாறு.

ரப்பர் விதை பயணம் செய்த அதே காலத்தில், மற்றோர் உயிர்ப்பொருளும் வெள்ளையர் கப்பல்களில் பயணம் செய்துகொண்டிருந்தது. அது டிரவுட் என்னும் மீனின் முட்டை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, காசுமீரம், நீலகிரி எனக் குளிர்ந்த நீரோடைகள் உள்ள இடமெங்கும் அம்முட்டையைக் கொண்டு சேர்க்க அவர்கள் அரும்பாடு பட்டனர். பெருஞ்செலவும் பல தோல்விகளும் கண்ட பின்னரே வெற்றி கிட்டியது.

கன்றின் வரலாறு தமிழர்க்குத் தெரியும். முட்டையின் வரலாறு அவ்வளவாகத் தெரியாது. ஆயினும் பேராக்கின் ஆறுகளைப் பற்றிக் கவலை கொள்வோர் அதனை அறிந்துகொள்ளுதல் நன்று. உயிருள்ள மீனை எவ்வாறு கையாளுவது, பிடித்த மீனை எவ்வாறு உயிரோடு நீருக்குத் திருப்பித் தருவது என்னும் கல்வியை உலகம் பெரும்பாலும் டிரவுட் மீனிடமிருந்தே கற்றது. பேராக்கின் சொந்த மீனுக்கு இன்று தேவைப்படுவது அந்தக் கல்வியே.

குளிர்நீர் மீன்

டிரவுட், சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த மீன். பழுப்பு டிரவுட் ஐரோப்பாவுக்கும் அதனை அடுத்த மேற்காசியாவுக்கும் உரியது. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரைக்கும், அதன் எதிர்க்கரையான கம்சாத்காவுக்கும் உரியது. உடலெங்கும் புள்ளிகள் உடைய இம்மீனைத் தூண்டிலால் பிடிக்கும் கலை மிகப் பழமையானது. கி.பி. 200 ஐ ஒட்டிய காலத்தில் கிரேக்க மொழியில் எழுதிய ஏலியன் என்பார், மாசிடோனியர் சிவந்த கம்பளி நூலையும் சேவற் சிறகையும் முள்ளில் சுற்றிப் பொய் ஈ ஒன்று செய்து, புள்ளி மீன்களை ஏமாற்றிப் பிடித்ததைப் பதிவு செய்துள்ளார். அம்மீன் டிரவுட்டே என்பது அறிஞர் கருத்து.

தமிழர்க்கும் இக்கலை புதிதன்று. அகநானூற்றின் 36 ஆம் பாட்டில் மதுரை நக்கீரர், முள்ளில் கோத்த இரையை விழுங்கிய ஆண் வரால் ஒன்று, இழுப்பவன் கைக்கு வாராமல் துள்ளிப் பாய்ந்து, ஆம்பல் இலையும் குவளை மலரும் சிதையக் குளத்தைக் கலக்கும் காட்சியைத் தீட்டியுள்ளார். கயிறிட்டுப் பிடிக்கப்பட்ட சினமிகு காளையை அம்மீனுக்கு அவர் உவமை கூறுகிறார். முள்ளில் மாட்டிய மீன் படும் பாட்டையும், அதன் வலிமையையும் இவ்வளவு நுட்பமாகக் கண்டவர், நீர்க்கரையில் நெடுநேரம் நின்று பார்த்தவராகவே இருத்தல் வேண்டும்.

வராலுக்கும் டிரவுட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வரால் நீரின் மேல் வந்து காற்றையே உண்டு வாழவல்லது. சேறும் வெப்பமும் அதற்குப் பொருட்டல்ல. டிரவுட்டோ நீரில் கரைந்துள்ள உயிர்வளியை மட்டுமே நம்பி வாழ்வது. அதுவும் நிரம்ப வேண்டும். 10 பாகை செல்சியசு வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 20 பாகையில் அது 9 மில்லிகிராமாகவும், 30 பாகையில் ஏழரை மில்லிகிராமாகவும் குறைந்துவிடும். நீரின் வெப்பம் 20 பாகையைத் தாண்டினாலே டிரவுட் துன்புறத் தொடங்கும். 25 ஐ நெருங்கினால் அதன் உயிருக்கே இடர். பேராக்கின் சமவெளி ஆறுகளோ ஆண்டு முழுதும் வெதுவெதுப்பானவை. கோலகங்சார் மண் பிரேசில் மரத்தை ஏற்றது. கோலகங்சாரைத் தழுவி ஓடும் பேராக் ஆறு டிரவுட்டை ஏற்காது.

முட்டை கடந்த கடல்

டிரவுட்டை உயிரோடு கப்பலில் கொண்டுபோவது அந்நாளில் இயலாத செயல். எனவே முட்டையைக் கொண்டுபோக எண்ணினர். முட்டையும் வெப்பம் தாங்காது. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பெற்ற முதல் முட்டைகள் வெப்பமண்டலக் கடலைக் கடக்கும்போது அழிந்தன. ஜேம்ஸ் யூல் என்பார் பல ஆண்டுகள் முயன்று ஒரு முறையைக் கண்டார். ஈரப்பாசியிடையே முட்டைகளைப் பரப்பிச் சிறு மரப்பெட்டிகளில் அடுக்கி, அப்பெட்டிகளைப் பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்தார். நார்போக் என்னும் பாய்மரக் கப்பல் 1864 இல் அவற்றை ஆஸ்திரேலியா சேர்த்தது. அங்கிருந்து டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோன முட்டைகளிலிருந்து குஞ்சுகள் வெளிவந்தன. அக்குஞ்சுகளின் வழித்தோன்றல்களே பின்னர் நியூசிலாந்துக்கும் சென்றன.

முட்டை எடுக்கும் முறையும் ஒரு தனிக் கலை. ஜெர்மானியரான ஸ்டெபான் லுட்விக் ஜகோபி 18 ஆம் நூற்றாண்டிலேயே டிரவுட் முட்டையைக் கையால் பிதுக்கி எடுத்துக் கருவூட்டும் வழியை வெளியிட்டார். 1856 இல் இரஷ்யரான விராஸ்கி, நீர் கலவாத பாத்திரத்தில் முட்டையையும் ஆண்மீனின் விந்தையும் சேர்த்து, பிறகே நீர் ஊற்றும் உலர்முறையைக் கண்டார். அதனால் பொரிக்கும் முட்டைகளின் தொகை மிகுந்தது. இவ்வேலையைச் செய்பவன் கையை நனைத்துக்கொண்டு, மீனை அழுத்தாமல் தாங்கி, வயிற்றை மெல்ல வருடி முட்டையை வெளிப்படுத்தி, மீனை உடனே நீரில் விடவேண்டும். அடுத்த ஆண்டும் அதே மீன் முட்டை தரவேண்டும் அல்லவா? பிடித்த மீனைக் காயமின்றித் திருப்பி விடும் பயிற்சி, பொறிப்பகப் பணியாளரின் அன்றாடத் தொழிலாக இருந்தது.

தமிழ்நாட்டு மலையில்

தமிழ்நாட்டில் இம்முயற்சியின் களம் நீலகிரி. சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்தவரும், இந்திய மீன்களைப் பற்றிய பெருநூல் இயற்றியவருமான பிரான்சிஸ் டே, 1863 இல் அங்கு டிரவுட்டைக் கொணர முயன்று தோல்வி கண்டார். உதகமண்டலத்து அரசினர் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த மக்ஐவரும் அதே பத்தாண்டில் ஐரோப்பிய மீன் வகைகளை உதகைக்குக் கொணர்ந்தார். தென்னமெரிக்கச் சிங்கோனா மரத்தை நீலகிரியில் வளர்த்துக் கொயினா மருந்துக்கு வழி செய்தவரும் இவரே. அயல்நாட்டு மரத்தையும் அயல்நாட்டு மீனையும் ஒரே கையால் நட முயன்ற அக்காலத்தின் மனப்போக்குக்கு மக்ஐவர் சிறந்த சான்று. மரம் பிழைத்தது. மீன்களுள் கெண்டைக் குடும்பத்தினவே உதகை ஏரியில் பெருகின, டிரவுட் நிலைபெறவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசின் மீன்வளர்ப்பு வல்லுநர் எச். சி. வில்சன் இப்பணியை மீண்டும் தொடங்கினார். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907 இல் பொறிப்பகம் ஒன்று எழுந்தது. பழுப்பு டிரவுட்டைக் காட்டிலும் வெப்பத்தைச் சற்றே தாங்கவல்ல வானவில் டிரவுட் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் சோலைக் காடுகளிலிருந்து வடியும் குளிர்ந்த ஓடைகளில் அது நிலைத்தது. மூணாற்றுத் தேயிலை மலைகளிலும் தோட்டத் துரைமார் தம் சங்கத்தின் வாயிலாக அதனை வளர்த்தனர். காசுமீரத்தில் 1899 இல் வந்த முதல் முட்டைகள் அழிந்துபோக, 1900 இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பொரித்தன.

இவ்வெற்றிகளின் உள்ளே ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. கோலகங்சாரில் நட்ட மரம் தன் விதையைத் தானே சிதறித் தழைத்தது. நீலகிரியின் டிரவுட்டுக்கோ பொறிப்பகமும், முட்டை பிதுக்கும் கையும், குஞ்சு காக்கும் காவலும், பிடிக்கும் காலத்துக்கு வரையறையும், உரிமச் சீட்டும் தேவைப்பட்டன. 1877 இல் நீலகிரி வேட்டைச் சங்கம் அமைந்தது. 1879 இல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. டிரவுட் வேரூன்றும் முன்பே அதைக் காக்கும் சட்டம் தோன்றியிருந்தது எனலாம்.

அவ்வளவு காவல் விருந்தாளி மீனுக்குக் கிடைத்த அந்நாளில், நாட்டு மீனின் நிலை என்ன என்று கேட்டவர் சிலரே. அவர்களுள் முதல்வர் ஹென்றி சல்லிவன் தாமஸ். தென்கன்னட மாவட்டத்தின் கலெக்டராக இருந்த இவர், ஆற்று மீன்களின் அழிவை நேரில் கண்டு 1870 இல் அரசுக்கு அறிக்கை தந்தார். இந்தியாவில் தூண்டிற்கலை பற்றி இவர் எழுதிய நூல் 1873 இல் வெளிவந்தது. மகசீர் என்னும் பெருங்கெண்டை டிரவுட்டுக்கும் சால்மனுக்கும் சிறிதும் இளைத்ததன்று என்பது இவர் துணிபு. 1897 இல் இயற்றப்பட்ட இந்திய மீன்வளச் சட்டம், வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீனைக் கொல்வதைக் குற்றமாக்கியது.

பேராக்கின் சொந்த மீன்

மகசீரின் உறவினர்தான் பேராக்கின் மேலாறுகளில் வாழும் கெலா. மலாயர் கெலா என்றும், சரவாக் மக்கள் அதன் நெருங்கிய இனத்தை எம்புராவ் என்றும் வழங்குவர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெருஞ் செதில்களும் தடித்த உதடுகளும் உடையது. தெளிந்து விரைந்தோடும் நீரையும், கூழாங்கற் படுகையையும், கரை மீது கவிந்த மரங்களையும் வேண்டுவது. அம்மரங்களிலிருந்து ஆற்றில் உதிரும் பழங்களை விரும்பி உண்பது. மெல்ல வளரும், முட்டையிட மேலாற்றுக்கு ஏறிச் செல்லும். டிரவுட்டைப் போலவே இதுவும் உயிர்வளி மிகுந்த நீரை நம்பி வாழ்வது. ஆதலின் ஆறு கெட்டால் முதலில் மறையும் மீன்களுள் இது ஒன்று.

பேராக்கின் ஆறுகள் கெட்ட வரலாறு அம்மாநிலத்தின் செல்வம் பெருகிய வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டியவர்கள் பீறிடும் நீரால் மலைச் சரிவையும் மண்ணையும் கரைத்தனர். அம்மண்ணும் மணலும் ஆற்றில் இறங்கிப் படுகையை மேடாக்கின. கூழாங்கற்களின் இடுக்குகள் சேற்றால் அடைபட்டால் அங்கே மீன்முட்டை மூச்சுவிட இயலாது. ஈப்போவைச் சுற்றிலும் இன்று காணும் ஈயக்குட்டைகள் அக்காலத்தின் எச்சங்களே. 1985 இல் உலகச் சந்தையில் ஈய விலை வீழ்ந்த பின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. குட்டைகள் மட்டும் நிலைத்துவிட்டன.

ரப்பர்த் தோட்டங்களும் ஆற்றுக்குத் தம் பங்கைச் செய்தன. காலையில் சேர்த்த பாலைக் கொட்டகையில் அமிலம் விட்டு உறையவைத்து, ஷீட்டாக உருட்டிய பின் எஞ்சும் கழிவுநீர், அருகிலிருந்த ஓடையிலேயே விடப்பட்டது. அந்நீரில் உள்ள சர்க்கரையும் புரதமும் அழுகும்போது நுண்ணுயிர்கள் ஓடையின் உயிர்வளியை உறிஞ்சிவிடும். மீன் நஞ்சுண்டு சாவதற்கு மாறாக மூச்சுத் திணறிச் சாகும். மலேசியாவில் 1974 இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1978 இல் ரப்பர் ஆலைக் கழிவுக்குத் தனி விதிகள் பிறந்தன. அதற்குள் நூற்றாண்டு ஒன்று கழிந்துவிட்டது.

அணைகள் மற்றொரு தடை. பேராக் ஆற்றின் குறுக்கே சென்டெரோ அணை 1930 இல் முடிந்தது. 1970களில் மேலாற்றில் தெமெங்கோர் அணை எழுந்து, பெருங்காட்டை ஏரியாக்கியது. மின்சாரம் கிடைத்தது, மேலேறும் மீனின் பாதை அடைபட்டது.

தோட்டத்து மக்கள் இவற்றையெல்லாம் வகுத்து ஆராயும் நிலையில் இருந்தவர்கள் அல்லர். லயத்துக்குப் பின்னே ஓடும் ஓடையில் வரால், கெளுத்தி, கெண்டை கிடைத்தால் அன்றைய குழம்புக்கு ஆயிற்று. குறைந்த கூலியில் குடும்பம் நடத்தியவர்க்கு அது பெரிய உதவி. மூங்கில் கழியும், நரம்பும், முள்ளும், மண்புழுவும் போதும். மீனுக்கு இரங்குவது பற்றி அவர்களிடம் பேசுவது அன்று பொருந்தாது. பசியைத் தணிக்கத் தூண்டிலிட்டவரால் எந்த ஆறும் வெறுமையானதில்லை.

ஆற்றை வெறுமையாக்கியவை வேறு. தூபா என்னும் கொடியின் வேரை நசுக்கி நீரில் கலப்பது தென்கிழக்காசியா எங்கும் நிலவிய பழைய முறை. அதில் உள்ள நச்சுப்பொருளை ஜப்பானிய வேதியியலறிஞர் நாகாய் நாகயோஷி 1902 இல் பிரித்தெடுத்து ரோட்டெனோன் எனப் பெயரிட்டார். அது மீனின் உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்த ஒட்டாமல் தடுத்துவிடும். மலாயாவில் அவ்வேரைப் பூச்சிக்கொல்லிக்காகத் தோட்டப் பயிராகவும் வளர்த்து ஏற்றுமதி செய்தனர். தூபாவோடு வெடியும், பின்னாளில் மின்கலமும் சேர்ந்தன. இவை மூன்றும் பெரிய மீன், சிறிய மீன், குஞ்சு என்று பாரா. மலேசியாவின் 1985 ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு இம்மூன்றையும் தடை செய்கிறது.

கையின் கடமை

தோட்டங்களின் காலம் மாறிவிட்டது. பால்மரங்கள் நின்ற பல இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போ, சுங்கை சிப்புட், தாப்பா போன்ற நகரங்களில் குடியேறிவிட்டனர். அவர்களுள் தூண்டிலேந்தி ஆற்றுக்கும் ஏரிக்கும் செல்வோர் உண்டு. கையில் இருப்பது மூங்கில் கழிக்கு மாறாகச் சுருள் பொருத்திய கோல். குழம்புக்காகப் பிடிப்பது குறைந்து, பொழுதுபோக்குக்காகப் பிடிப்பது பெருகியுள்ளது. பிடித்த மீனைத் திருப்பி விடும் வழக்கமும் பரவி வருகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1952 இல் டிரவுட் ஓடைகளில் அரசு முறையாகத் தொடங்கிய வழக்கம் அது.

விட்டுவிட்டால் மீன் பிழைத்துவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைக் கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் 1992 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வானவில் டிரவுட் மீன்களை அவர்கள் களைத்துச் சோரும்வரை துரத்தினர். துரத்திய பின் நீரிலேயே விட்டவற்றுள் 12 மணி நேரம் கழித்து 100 க்கு 88 பிழைத்திருந்தன. துரத்திய பின் 30 நொடி காற்றில் வைத்தவற்றுள் 62 பிழைத்தன. ஒரு நிமிடம் காற்றில் வைத்தவற்றுள் 28 மட்டுமே பிழைத்தன. ஓடிக் களைத்தவனின் மூக்கையும் வாயையும் பொத்துவதற்கு ஒப்பானது களைத்த மீனை நீருக்கு வெளியே தூக்கிப் பிடிப்பது. நிழற்படம் எடுப்பதற்காக மீனைக் கைமாற்றி நிற்கும் ஒரு நிமிடம், நான்கில் ஏறத்தாழ மூன்று மீனின் உயிரை வாங்கிவிடக்கூடும். அது நீந்திச் சென்றதைக் கண்டு மகிழ்ந்தவர், மறுநாள் அது மடுவின் அடியில் கிடப்பதைக் காண்பதில்லை.

டிரவுட் ஓடைகளிலும் பொறிப்பகங்களிலும் கற்ற முறைகள் கெலாவுக்கும் பொருந்துவனவே. அவற்றைச் சுருங்கக் கூறலாம். முள்ளின் உட்கொக்கியை நசுக்கிவிட்டால் முள் எளிதில் கழலும். வலிய நூலைக் கையாண்டு, மீன் முற்றும் சோர்வதற்கு முன் கரைக்குக் கொணர வேண்டும். முடிச்சு வலை செதிலையும் துடுப்பையும் கிழிக்கும். ரப்பர் பூசிய கைவலை அவ்வாறு செய்யாது. மீனின் உடலைப் போர்த்திய வழுவழுப்பு அதற்குக் கவசம். நோய்க்கிருமி உட்புகாமல் தடுப்பது அதுவே. உலர்ந்த கையும், சுடுமணலும், பாறையும் அக்கவசத்தை உரித்துவிடும். ஆகையால் கையை நனைத்த பின்பே தொடவேண்டும்; இயன்றவரை மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றவேண்டும். செவுளுக்குள் விரலை விடலாகாது. பெரிய மீனைத் தாடையைப் பற்றிச் செங்குத்தாகத் தூக்குதல் கூடாது. வயிற்றின் அடியில் ஒரு கை, வாலின் அடியில் ஒரு கை எனக் கிடையாகத் தாங்குதல் வேண்டும். முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால் பிடுங்காமல் நூலை அறுத்து விடுவதே மேல். விடும்போது முகம் நீரோட்டத்தை எதிர்நோக்கத் தாங்கியிருந்து, அது தானே திமிறி நீந்தும்வரை பொறுத்தல் வேண்டும்.

பேராக்கில் ஒன்றைக் கூடுதலாகக் கருதவேண்டும். வெப்பநீரில் உயிர்வளி குறைவு. மீனின் தேவையோ மிகுதி. வறண்ட நாளின் நண்பகலில் களைத்த மீன் மீள்வது கடினம். அப்பொழுதில் தூண்டிலைச் சுருட்டி வைப்பவரே ஆற்றை அறிந்தவர்.

உண்பதற்காகப் பிடித்த மீனுக்கும் ஒரு முறை உண்டு. அதனைக் கூடையில் போட்டுத் துடிதுடிக்க விடாமல், தலையில் ஒரே அடியாக அடித்துக் கொன்று, குடலை நீக்கிப் பனிக்கட்டியில் வைத்தல் வேண்டும். மீனுக்குத் துன்பம் குறையும். உண்பவர்க்குச் சுவையும் நலமும் கெடா.

பிடித்து விடுதல் அறமா?

விட்டுவிடவே போகிறோம் என்றால் பிடிப்பானேன் என்னும் கேள்வி நியாயமானது. பிரிட்டனில் லின் ஸ்னெட்டனும் அவருடன் பணியாற்றியோரும் 2003 இல், வானவில் டிரவுட்டின் முகத்திலும் உதட்டிலும் ஊறுணரும் நரம்புகள் இருப்பதை எடுத்துக்காட்டினர். அது மனிதர் உணரும் வலியாகுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஜெர்மனியின் 1972 ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி விலங்குக்கு ஊறு செய்வதைத் தடுக்கிறது. விடுவதற்கென்றே மீன் பிடிப்பதை அது எளிதில் ஏற்பதில்லை. சுவிட்சர்லாந்தும் 2009 முதல் அத்தகைய தூண்டிலைத் தடுத்துள்ளது.

மறுபக்கத்தில் காவிரியின் சான்று நிற்கிறது. தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் 1972 இல் தோன்றி, கருநாடகத்தில் காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, பிடித்த மகசீரைத் திருப்பி விடும் விதியோடு காத்தது. முன்பு வெடி வைத்துப் பிடித்தவர்களும் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் வேலை பெற்றனர். காலிபோர் முகாமில் தூண்டிலிட்டவர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த குறிப்பேடுகளை ஆய்வாளர் பிற்பாடு அலசினர். ஆற்றின் மீன்நிலையை ஆண்டுதோறும் காட்டும் ஆவணமாக அவை பயன்பட்டன. தூண்டிற்காரரின் கண் இல்லாத ஆற்றில் வெடிச்சத்தத்தைக் கேட்பாரும் இல்லை என்பது அவர்கள் தரப்பின் வாதம். இரு பக்கமும் உண்மை இருப்பதால், விடுவதற்கென்று பிடிப்பவர் மீது கடமை கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

குறிப்பேடுகள் சொன்ன செய்தி

அதே குறிப்பேடுகள் எதிர்பாராத மற்றொரு செய்தியையும் வெளிப்படுத்தின. காவிரிக்கே உரிய திமில் மகசீர், 1946 இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையில் பிடிபட்ட பேரினம், ஆண்டுக்கு ஆண்டு அருகிக்கொண்டே போயிற்று. அதன் இடத்தை நீலத்துடுப்பு மகசீர் கவர்ந்துகொண்டது. மகாராட்டிரத்து லோணாவ்ளாவில் 1970களிலிருந்து பொரித்து, நல்லெண்ணத்தோடு நாடெங்கும் விடப்பட்ட இனம் அது. திமில் மகசீருக்கு உரிய அறிவியற்பெயர் எது என்பது தெளிவானதே 2018 இல்தான். அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவிக்கப்பட்டது. பெயர் தெளிவாகும் முன்பே மீன் மறையத் தலைப்பட்டது.

உலகின் மிகத் தீய நூறு படர்இனங்கள் எனப் பன்னாட்டு இயற்கைக் காப்புச் சங்கத்தார் தொகுத்த பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டும் உள்ளன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவில் பரவி, ஈயக்குட்டைகளிலெல்லாம் பெருகிய திலாப்பியாவும் அதில் உண்டு. டிரவுட் பேராக்கை எட்டாதது குறித்து எவரும் வருந்தத் தேவையில்லை. வெறுமையான ஆற்றில் ஏதேனும் ஒரு மீனைக் கொண்டுவந்து விட்டால் போதும் என்னும் எண்ணம், முட்டைப் பெட்டிகள் கடல் கடந்த காலத்தின் எச்சம். டிரவுட்டிடமிருந்து பேராக் பெறத்தக்கது மீன் அன்று. மீனைத் தொடும் முறை.

பேராக்கின் வடகோடியில் ஜகாய்ப் பழங்குடி மக்கள் வாழும் பெலும் காடு 2007 இல் அரச பெலும் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே ருவோக் ஆற்றில் கெலாவுக்கென ஒரு காப்பிடம் உள்ளது. தெளிந்த நீரில் கெலாக்கள் கூட்டமாக வந்து, பார்க்க வருவோர் தூவும் இரையை அச்சமின்றி உண்கின்றன. துங்கையாற்றங்கரையில் சிருங்கேரிக் கோயிலின் படித்துறையில் மீன்கள் காக்கப்படும் காட்சியை இது நினைவூட்டும். மனிதன் கையை மீன் அஞ்சாமல் இருக்கவும் கற்கும் என்பதற்கு இவ்விரண்டு துறைகளும் சான்று.

பெலும் காட்டுக்கு வெளியே, முன்னாள் ரப்பர்த் தோட்டங்களின் இடையே ஓடும் ஓடைகளுக்கு அத்தகைய காவல் இல்லை. பால்கொட்டகைக் கழிவு நின்றுவிட்டது. சுரங்கச் சேறு அடங்கிவருகிறது. கரையில் மரம் நிற்க விட்டால், நஞ்சும் மின்கலமும் ஒழிந்தால், அவற்றுட் சில மீள இடமுண்டு. அத்தோட்டங்களின் பெயரைத் தாங்கி இன்றும் தமிழ்ப்பள்ளிகள் நடைபெறுகின்றன. வராலையும் கெண்டையையும் இலக்கியத்தில் கற்பிக்கும் ஆசிரியர்கள், பள்ளிக்கு அருகில் ஓடும் நீரில் இன்று எந்த மீன் உள்ளது, எது இல்லை என்று மாணவரைக் குறித்துவரச் செய்யலாம். காவிரியில் தூண்டிற்காரரின் குறிப்பேடு செய்த பணியைப் பேராக்கின் ஓடைகளில் ஒரு பள்ளிக் குறிப்பேடு செய்யக்கூடும்.